பழைய புத்தகம் நாறுகிறதா? அத்தர் பூசாதீர்கள்!

"இந்தப் புத்தகங்களை வீட்டுக்குள்ளே கொண்டு வராதே!"

எங்கள் தெருவில் ஒரு தாய் தன் மகளைப் பார்த்து இப்படிச் சத்தம் போட்டார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். திருவல்லிக்கேணி பாரதி சாலையில், நடைபாதைக் கடையில் 5 புத்தகங்கள் வாங்கி வந்திருந்தாள். எல்லாம் பாடப் புத்தகங்கள். புதிதாக வாங்கினால் ஆகும் செலவில் பாதிகூட ஆகவில்லை. "அப்பாவுக்குப் பணம் மிச்சம்" என்று ஆசையோடு வந்த பெண்ணுக்கு வாசலிலேயே தடை!

தாயைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் பாட்டி இருக்கிறார். அவருக்கு இழுப்பு. அந்தப் புத்தகங்களோ அப்படி ஒரு நாற்றம்! நனைந்த சாக்கு, எலி வளை, பழைய பீடி எல்லாவற்றையும் ஒன்றாக மூட்டை கட்டியது போல இருந்தது.

தாய் தனக்குத் தெரிந்த வைத்தியம் செய்தார். பக்கத்துக்குப் பக்கம் முகப்பவுடர் தூவினார். இரண்டு நாள் ஊதுபத்தி கொளுத்தி வைத்தார். நாற்றம் போனதா? இல்லை. மல்லிகைப்பூ வாடையும் அதனுடன் சேர்ந்துகொண்டது. அந்தப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தாள். விளக்கு போதாது. கொசு வேறு.

கடைசியில் என்னிடம் வந்தார்கள். நான் மருத்துவன் அல்ல. விஞ்ஞானியும் அல்ல. பழைய புத்தகம் வாங்கும் பைத்தியம். சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் தீப்பிடித்து எரிந்ததே, அதற்கு முன்பிருந்தே இந்தப் பைத்தியம் எனக்கு உண்டு. நாற்றத்தால் நான் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. பட்ட பாட்டில் தெரிந்துகொண்டதை, பிறகு விவரம் தெரிந்தவர்கள் எழுதியதைப் படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே சொல்லுகிறேன்.

முதலில் மூக்கைக் கேளுங்கள்

"பழைய புத்தகம் என்றால் நாறத்தான் செய்யும்" என்று பலர் சொல்லுகிறார்கள். இது தவறு. நாற்றம் எல்லாம் ஒன்று அல்ல. என்ன நாற்றம் என்று தெரியாமல் மருந்து போட்டால், தலைவலிக்கு வயிற்றில் பற்றுப் போட்ட கதைதான்!

பழைய தாளுக்கென்று ஒரு வாசனை உண்டு. லேசான புளிப்பு. அதன் அடியில் ஓர் இனிப்பு. இது எப்படி வருகிறது?

முன்பெல்லாம் மேல்நாட்டில் கந்தல் துணியைக் கூழாக்கித்தான் காகிதம் செய்தார்கள். 1840-களில் ஜெர்மனியில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். காகிதம் மலிவாயிற்று. ஏழையும் புத்தகம் வாங்க முடிந்தது. ஆனால், மரத்தில் லிக்னின் என்று ஒரு பொருள் இருக்கிறது. மரத்துக்கு விறைப்பைக் கொடுப்பது அதுதான். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது சிதையும். தாள் மஞ்சளாகும். சிதையும்போது பலவிதமான ஆவிகள் வெளியே வரும். அவற்றில் ஒன்று வெனிலின். வெனிலா ஐஸ்கிரீமில் மணக்கிறதே, அதே பொருள்தான்! இன்னொன்று, காடிக்குப் புளிப்பு வாடை தரும் அசிட்டிக் அமிலம்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி விஞ்ஞானிகள், வேறு நாட்டவருடன் சேர்ந்து, 2009-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பழைய காகிதத்திலிருந்து வரும் ஆவிகளை அளந்து பார்த்தே, அந்தக் காகிதம் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம் என்று சொன்னார்கள். டாக்டர் நாடி பார்ப்பது போல, புத்தகத்தை மோந்து பார்ப்பது!

ஆகவே, இந்த வாசனை தாளோடு பிறந்தது. தாள் உள்ளவரை போகாது. இதைப் போக்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். காற்றாட வைத்தால் கொஞ்சம் குறையும். அது போதும்.

எது ஆபத்து?

மூக்கில் ஏறியதும் மழைக்காலத்துப் பூட்டிய வீடு நினைவுக்கு வருகிறதா? அது பூஞ்சணம். இதைத்தான் கவனிக்க வேண்டும்.

பூஞ்சணத்தின் வித்து எங்கும் இருக்கிறது. நாம் விடும் மூச்சுக் காற்றில்கூட இருக்கிறது. ஈரம் கிடைத்தால் முளைக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவிகிதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் போதும். தாளிலும் பசையிலும் அது குடியேறிவிடும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்துக்கா பஞ்சம்? நடைபாதைக் கடைக்காரர் என்ன செய்வார், பாவம்! தார்ப்பாயைப் போட்டு மூடுகிறார். மழை நின்றாலும் உள்ளே ஈரம் நிற்கிறது.

ஒரு கறுப்புத் துணியை எடுங்கள். கறை உள்ள இடத்தில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, பஞ்சு போல ஈஷிக்கொண்டால் பூஞ்சணம் உயிரோடு வளர்கிறது என்று அர்த்தம். காய்ந்த தூளாக உதிர்ந்தால் அது உறங்குகிறது. செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஈரம் கண்டால் மறுபடி எழுந்துகொள்ளும்.

இழுப்பு உள்ளவர்களுக்கும், சளித் தொல்லை உள்ள குழந்தைகளுக்கும் இந்தத் தூள் ஆகாது. அவர்கள் இருக்கும் அறையில் வைத்துப் புத்தகத்தைத் தட்டாதீர்கள். மின்விசிறிக்கு அடியில் வைத்து உதறாதீர்கள். அப்படிச் செய்தால் வீடு முழுவதும் வித்து விதைத்தது போலத்தான்.

எலி மூத்திர நாற்றம் அடித்தால்? அந்தப் புத்தகத்தை வாங்கவே வாங்காதீர்கள். எத்தனை அரிய புத்தகமாக இருந்தாலும் சரி.

அத்தர் கடை அனுபவம்

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கடையில் ஓர் அகராதி வாங்கினேன். எந்தக் கடை என்பது வேண்டாம். கம்மென்று மணத்தது. "ஆகா, புத்தகத்தை என்ன பக்தியாக வைத்திருக்கிறார்கள்!" என்று பேரம்கூடப் பேசவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தேன். அலமாரியில் மற்றப் புத்தகங்களோடு நெருக்கி வைத்தேன்.

ஒரு வாரத்தில் அத்தர் பறந்துவிட்டது. உள்ளே இருந்தது வெளியே வந்தது. அடுத்த மழைக்கு, அதன் இரு பக்கமும் இருந்த புத்தகங்களின் முதுகில் சாம்பல் நிறப் புள்ளிகள்! 11 புத்தகங்களை இறக்கித் துடைத்தேன்.

மணம் போட்டு நாற்றத்தை மறைப்பது, அழுக்குச் சட்டைக்கு மேல் பட்டுத் துண்டு போடுவது போல. விற்கிறவர் செய்தால் அது ஏமாற்று. வீட்டில் நாமே செய்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. இது என் கருத்து. கோபத்தில் சொல்லுவதாக நினைத்தாலும் பரவாயில்லை.

அந்த நாளிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். எந்தப் பழைய புத்தகம் வந்தாலும் ஒரு வாரம் தனியாக வைத்திருப்பேன். வீட்டுக்கு வரும் விருந்தாளி நேரே அடுக்களைக்குள் நுழைவதில்லை அல்லவா?

அந்துருண்டை வேண்டாம்

"இரண்டு அந்துருண்டை போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள் பெரியவர்கள். பாச்சை உருண்டை என்றும் சொல்லுவார்கள். நானும் ஒரு காலத்தில் போட்டவன்தான். இப்போது போடுவதில்லை. உங்களையும் போட வேண்டாம் என்றே சொல்லுவேன்.

அதில் பெரும்பாலும் இருப்பது நாப்தலின். அது பூச்சியை விரட்டும். நாற்றத்தைப் போக்காது, தன் நெடியால் அமுக்கும். அந்த நெடி புத்தகத்தில் ஏறிவிட்டால், அதைப் போக்க மாதக்கணக்கில் ஆகும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருக்கும். பார்த்தால் தெரியாது. அந்தக் குழந்தைகளுக்கு நாப்தலின் ஆகாது. இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சோகையும் காமாலையும் வரும். வெள்ளையாக, உருண்டையாக இருப்பதால் மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. கைக்குழந்தை உள்ள வீட்டில், ஒரு புத்தகத்துக்காக இந்த வம்பு எதற்கு?

"அப்படியானால் நம் முன்னோர் ஓலைச்சுவடிகளை எப்படிக் காப்பாற்றினார்கள்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சுவடிகளுக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுவார்கள். வசம்பு, வேப்பிலை வைப்பார்கள். எல்லாம் பூச்சிக்காக. ஓலை வேறு, காகிதம் வேறு. ஓலைக்கு எண்ணெய் நல்லது. காகிதத்தில் எண்ணெய் பட்டால் கறைதான். வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வையுங்கள், தவறில்லை. பக்கத்துக்குள் வைக்காதீர்கள். வசம்பு பூச்சியை அண்டவிடாது. ஏறிப்போன நாற்றத்தை எடுக்காது.

கரி செய்யும் வேலை

சரி, என்னதான் செய்வது?

நாங்கள் அந்தப் பெண்ணின் புத்தகங்களுக்குச் செய்ததைச் சொல்லுகிறேன்.

வெயில் உள்ள ஒரு நாளில், காற்று நன்றாக வீசும் மொட்டைமாடிக்குப் புத்தகங்களைக் கொண்டு போனோம். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டோம். கொரோனாக் காலத்தில் வாங்கியது வீட்டில் மிச்சம் இருந்தது. காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றுகொள்ள வேண்டும். மெல்லிய பிரஷ்ஷால் அட்டை, முதுகு, மூன்று ஓரங்கள், பிறகு பக்கங்கள் என்று தூசியைத் தள்ளினோம். சவரம் செய்யும் பழைய பிரஷ் இதற்கு மிகவும் நல்லது. ஈரத்துணி மட்டும் கூடவே கூடாது! பூஞ்சணத்துக்கு நாமே தண்ணீர் ஊற்றியது போல ஆகும்.

முகப்பவுடரை எடுப்பதுதான் பெரிய வேலையாகப் போயிற்று. தையல் இடுக்கில் போய் உட்கார்ந்திருந்தது. தாய் கொஞ்சம் சங்கடப்பட்டார். "எனக்கு என்னண்ணா தெரியும்?" என்றார். யாருக்குத்தான் தெரியும்? நான் ஒரு காலத்தில் காப்பித்தூள் தூவினவன். 30 பக்கம் பழுப்பாகிவிட்டது.

பிறகு, புத்தகங்களை விசிறி போல விரித்து, நிமிர்த்தி, நிழலில் நிறுத்தி வைத்தோம். காற்று பக்கங்களுக்குள்ளே புகுந்து வர வேண்டும். மூன்று நாள் இப்படி. மாலையானால் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி இறங்கும்.

"வெயிலில் போட்டால் சீக்கிரம் போகாதா, மாமா?" என்று கேட்டாள் பெண். காலை வெயிலில் கால் மணி நேரம் போடலாம். பாடப் புத்தகத்துக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால், நாள் முழுதும் வடகம் காய வைப்பது போலப் போட்டால் தாள் மஞ்சளித்து நொறுங்கும். அட்டை வளையும். முதுகுப் பசை வெடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எத்தனை மாடிகளில் இதைப் பார்த்தேன்! புத்தகம் காய்ந்தது, அப்பளம் போலக் காய்ந்தது.

காற்றாட்டியதில் பாதி நாற்றம் போய்விட்டது. மீதிக்குக் கரி.

இது மந்திரம் அல்ல. மரக்கரித் துண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் இருக்கின்றன. நாற்றம் என்பது என்ன? காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்கள்தான். அவை இந்தத் துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கருவிகளில் போடுகிறார்களே, தூண்டப்பட்ட கரி, அதில் துளைகள் இன்னும் அதிகம். 1 கிராம் கரியின் துளைச் சுவர்களையெல்லாம் விரித்து அளந்தால் 500 சதுர மீட்டருக்கு மேல் வரும்! மனைக் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்கு மேல்! அடுப்புக்கரிக்கு அவ்வளவு சக்தி இல்லை. அதனால் கூடுதலாகப் போட வேண்டும், கூடுதல் நாள் வைக்க வேண்டும்.

மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்தோம். அரைக் கிலோ அடுப்புக்கரியை நல்ல வெயிலில் காய வைத்து, ஒரு சட்டியில் போட்டு அடியில் வைத்தோம். இன்னொரு கிண்ணத்தில் ஆப்ப சோடா. பக்கத்தில் ஒரு செங்கல். அதன் மேல் வெள்ளைத் தாளை விரித்து, புத்தகங்களை நிமிர்த்தி, கொஞ்சம் விரித்து நிறுத்தினோம். மூடிவிட்டோம்.

கரியும் சோடாவும் புத்தகத்தில் படக்கூடாது. இது முக்கியம். சோடாவைப் பக்கங்களில் தூவச் சொல்லுவார்கள் சிலர். தூவுவது எளிது. எடுப்பதுதான் கடினம். நெறுநெறு என்று பக்கத்தின் இடுக்கில் தங்கிவிடும். கிண்ணத்தில் இருந்தபடியே அது தன் வேலையைச் செய்யும். சோடா காரம். புளிப்பு நாற்றங்கள் அமிலம். காரமும் அமிலமும் சேர்ந்தால் அடங்கிவிடும். அந்தப் பெண் படிப்பதே வேதியியல்! "இது முதல் வருஷப் பாடம்" என்று சிரித்தாள்.

வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, கரியை மறுபடி வெயிலில் காய வைத்தோம். சோடாவை மாற்றினோம். மூன்று வாரம் ஆயிற்று. அவசரப்பட்டுப் பயன் இல்லை. பீடி, சிகரெட் வாடைக்கு இன்னும் நாள் ஆகும். புகையின் தார் ஒவ்வொரு பக்கத்திலும் பூச்சாகப் படிந்திருக்கும். முழுக்கப் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாள் வைக்கலாமா? நாற்றத்தை இழுக்கும் என்பது உண்மை. ஆனால், அச்சு மை ஒட்டும். நீங்கள் இப்போது கையில் பிடித்திருக்கும் இந்தத் தாளைச் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். வெள்ளைத் தாளே நல்லது.

குளிர்ப்பெட்டி வைத்தியம் ஒன்றும் உண்டு. புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஐஸ் உறையும் அறையில் இரண்டு வாரம் வைப்பார்கள். ராமபாணப் பூச்சியும் அதன் முட்டையும் சாகும். எடுத்த பிறகு ஒரு நாள் கழித்துத்தான் பையைப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் புத்தகம் வியர்க்கும். ஆனால், நாற்றம் இதனால் போகாது. பூஞ்சணமும் சாகாது, தூங்கும்.

போக்கக் கூடாத வாசனை

என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. என் தகப்பனார் படித்தது. அவருக்கு மூக்குப்பொடிப் பழக்கம். ஒரு சிட்டிகை, இரண்டு பக்கம். மறுபடி ஒரு சிட்டிகை, இரண்டு பக்கம்! எப்போது திறந்தாலும் எனக்குத் தும்மல் வரும். என் மனைவி, "அதையும் உங்கள் கரிப்பெட்டியில் போடுங்களேன்" என்று பலமுறை சொல்லிவிட்டாள். நான் போடவில்லை. போடவும் மாட்டேன். இதில் விஞ்ஞானம் ஒன்றும் கிடையாது.

பையனைத் திட்டாதீர்கள்

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், கல்லூரியில் படிக்கிறவர்கள், கையில் காசு இல்லாமல்தான் பழைய புத்தகத்தைத் தேடிப் போகிறார்கள். "குப்பையைக் கொண்டு வந்துவிட்டான்" என்று வாசலிலேயே திட்டினால், அடுத்த முறை அவன் புத்தகத்தைக் கொண்டு வர மாட்டான். வாங்கவே மாட்டான். வகுப்பில் பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டதால், புத்தகத்தைப் பையில் இருந்து எடுக்காமலேயே ஒரு வருஷத்தை ஓட்டிய மாணவனை எனக்குத் தெரியும். அந்த மாணவன் நான்தான்.

வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு: நடுப்பக்கத்தைத் திறந்து, முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். மூக்கை உள்ளே விடாதீர்கள். முதுகை அமுக்கிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம். காய்ந்த நாற்றமாக இருந்தால் அதையே சொல்லி விலையைக் குறையுங்கள். நான் குறைத்திருக்கிறேன்!

ஐந்தாவது புத்தகம்

நான்கு புத்தகங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன. பாட்டி படுக்கும் அறையில் வைப்பதில்லை. கூடத்து அலமாரியில் இருக்கின்றன.

ஐந்தாவது தேறவில்லை. கறுப்புத் துணியில் ஈஷிக்கொண்டது. ஓரத்தை எலி கடித்திருந்தது. 180 ரூபாய்ப் புத்தகம். "எடைக்குப் போட்டுவிடலாமா? இல்லை, வேறு ஏதாவது கடையில் தள்ளிவிடலாமா?" என்று தாய் கேட்டார். நஷ்டம் அவருக்குத் தாங்கவில்லை. பெண் பதில் சொல்லவில்லை. முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு மாடிக்குப் போனாள். தனக்கு வேண்டிய இரண்டு பாடங்களைக் கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு புத்தகத்தை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டு இறுகக் கட்டினாள்.

"எடைக்குப் போட்டால் யாராவது பிரித்து எடுப்பார்கள், அம்மா. இன்னொரு பாட்டி வீட்டுக்குப் போகும்" என்றாள்.

மறுநாள் காலை குப்பை வண்டியில் அவளே கொண்டு போய்ப் போட்டாள்.